கண்டக்டர் என்னதான் செய்கிறார்? நல்லவர் யார், மோசமானவர் யார்?

கேள்வி இது: "மேற்கத்திய செவ்வியல் இசையில் உங்கள் பார்வையில் மிகச் சிறந்த கண்டக்டர் யார், மிக மோசமானவர் யார்? எந்த வீடியோவைப் பார்த்தாலும் எல்லோரும் ஒரே மாதிரி கையை ஆட்டுவதாகத்தான் எனக்குத் தெரிகிறது." முதல் வரி பெயர்ப்பட்டியல் கேட்கிறது, ஆனால் கேட்டவர் மனசில் இருப்பது இரண்டாவது வரிதான் என்று நினைக்கிறேன். வாசிப்பது எண்பது பேர், எல்லோர் முன்னாலும் நோட்டு விரித்து வைத்திருக்கிறது, அப்புறம் ஒரு சத்தமும் எழுப்பாத ஒருவருக்கு எதற்கு இத்தனை பெயர், எதை வைத்து ஒருவரை மேதை என்றும் இன்னொருவரை மோசம் என்றும் சொல்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் பெயர்களை அடுக்கினால் பிரயோஜனமில்லை.

நான் எங்கே உட்கார்ந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வயோலா வாசிப்பவன், வயலினை விடக் கொஞ்சம் பெரிய வாத்தியம் அது. சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டு, பிறகு வயோலாவுக்கு மாறி, வேலைக்காக ஜெர்மனி வந்த பிறகு 22 வருடமாக இங்கே ஓர் அமெச்சூர் இசைக்குழுவில் மூன்றாவது வரிசையில் வாசிக்கிறேன். வாரம் ஒரு நாள் ரிகர்சல், வருடத்துக்கு நான்கு கச்சேரி. இத்தனை வருடத்தில் பதினைந்து கண்டக்டர்களுக்கு மேல் எங்கள் முன்னால் நின்றிருக்கிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் பெரிய பெயர்கள் யாருடைய கையின் கீழும் நான் வாசித்ததில்லை. அவர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒலிப்பதிவும் படமும் ஸ்கோரும் (எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்த நோட்டு) வைத்துச் சொல்வது. ஆபரா பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் பெரும்பாலும் சிம்பொனி பற்றித்தான் பேசுவேன்.

கையை ஆட்டுவதில் என்ன இருக்கிறது என்பதற்கு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்வோம், அந்த "த த த தாம்" எல்லோருக்கும் தெரியும். நோட்டில் அது சத்தத்தோடு தொடங்கவில்லை. முதலில் இருப்பது ஒரு குட்டி மௌனம், அதற்கப்புறம்தான் மூன்று வேகமான சுரங்கள், பிறகு நீட்டி நிறுத்தும் நான்காவது சுரம். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு, சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் பாட்டு என்றால் சட்டென்று புரியும். அங்கே தாளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கம்பி வாத்தியங்கள் மொத்தமும் இரண்டு கிளாரினெட்டும் வெறும் காற்றிலிருந்து, ஒரே வேகத்தில், ஒரே நொடியில் குதிக்க வேண்டும். அந்த வேகத்தையும் அழுத்தத்தையும் கண்டக்டர் கை மேலே போய் இறங்கும் ஒரே அசைவில் சொல்லியாக வேண்டும். அசைவு தெளிவாக இல்லையென்றால் "த-தத்-த-தாம்" என்று அரிசி கொட்டின மாதிரி கேட்கும். நாங்கள் இதை வாசித்தபோது முதல் ரிகர்சலில் ஆறு தடவை அப்படித்தான் கேட்டது. இன்னொன்றும் கவனியுங்கள்: இரண்டாவது "தாம்" முதலாவதை விட ஒரு பார் (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் காதுக்குக் கொண்டுவருபவரும் உண்டு, இரண்டையும் ஒரே அளவாக நிறுத்தி அடுத்ததுக்கு ஓடுபவரும் உண்டு.

ஆனால் தாளம் காட்டுவது வேலையில் சின்னப் பங்குதான், அதற்கு மட்டும் என்றால் கண்டக்டர் தேவையே இல்லை. மாஸ்கோவில் 1922 முதல் 1932 வரை பெர்சிம்ஃபான்ஸ் என்று கண்டக்டரே இல்லாத ஒரு சிம்பொனி இசைக்குழு இருந்தது, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக்குக்கு 1933க்குப் பிறகு நிரந்தரத் தலைமைக் கண்டக்டர் கிடையாது, விருந்தாளிகள்தான். பெரிய வேலை எல்லாம் ரிகர்சலில் நடக்கிறது, பார்வையாளர் அதைப் பார்ப்பதேயில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஷூபெர்ட்டின் முடிவுறாத சிம்பொனி, முதல் பகுதி, செல்லோக்கள் வாசிக்கும் அந்தப் புகழ்பெற்ற மெட்டு. அதற்கு அடியில் வயோலாவும் கிளாரினெட்டும் தட்டுக்குத் தட்டு தள்ளித் தள்ளி ஒரு சாதாரணப் பின்னணி வாசிக்கும். பல வருடம் நான் அதை எண்ணிக்கொண்டே வாசித்தவன். ஒரு கண்டக்டர் பேட்டனை, அதாவது கையில் பிடிக்கும் குச்சியை, ஸ்டாண்டில் வைத்துவிட்டு, செல்லோக்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்களையும் கிளாரினெட்டையும் மட்டும் வாசிக்கச் சொன்னார். கையே அசைக்கவில்லை. "கிளாரினெட்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள், அங்கே நீங்களும் எடுங்கள்" என்றார், அவ்வளவுதான். மூன்றாவது தடவை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பிறகு செல்லோக்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு படகு நகர்ந்து வருவது போல இருந்தது. என் அளவுகோல் அன்றைக்கு உருவானது: வாசிப்பவர்களை ஒருவரை ஒருவர் கேட்க வைப்பவர் நல்ல கண்டக்டர், தன்னை மட்டுமே பார்க்க வைப்பவர் மோசமானவர்.

இந்த அளவுகோலில் எனக்கு முதலிடம் கார்லோஸ் கிளைபர். 1930ல் பெர்லினில் பிறந்தவர், அப்பா எரிக் கிளைபரும் பெரிய கண்டக்டர். 2004ல் இறந்தார். நீண்ட வாழ்க்கையில் அவர் நடத்திய கச்சேரிகளும் விட்டுப்போன ஒலிப்பதிவுகளும் மிகக் குறைவு. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு 1974ல் பதிவு செய்த பீத்தோவன் ஐந்தாவதும், அடுத்து வந்த ஏழாவதும், 1980ல் பதிவான பிராம்ஸ் நான்காவதும் இன்றைக்கும் மற்றவர்களை அளக்கும் கோலாக இருக்கின்றன. ஆனால் நான் பார்க்கச் சொல்வது 1970ல் ஷ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவோடு அவர் ரிகர்சல் செய்யும் கறுப்பு வெள்ளைப் படம். வெபரின் ஒரு முன்னிசையும் யோஹான் ஷ்டிராவுஸின் ஒரு முன்னிசையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிரிக்கிறார். சத்தமாக, மெதுவாக என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை, உவமை உவமையாகப் பேசுகிறார். தொடக்கத்தில் சில வாசிப்பாளர்கள் முகத்தில் "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா" என்ற சலிப்பு அப்பட்டமாகத் தெரிகிறது, போகப் போக அதே முகங்கள் மாறுவதையும் பார்க்கலாம். அவர் குறையையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டதை ரத்து செய்வதில் பேர்போனவர், 1982ல் வியன்னாக்காரர்களோடு பீத்தோவன் நான்காவது ரிகர்சல் நடக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர். ஒரு குழுவோடு இருபது வருடம் உட்கார்ந்து வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்கவே இல்லை. இருந்தும் அவருக்குத்தான் என் ஓட்டு.

அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் கிளாடியோ அபாடோவை மனசாரச் சொல்வேன். ரிகர்சலில் அதிகம் பேசமாட்டார், அவர் திரும்பத் திரும்பச் சொன்னது "கேளுங்கள்" என்ற ஒன்றைத்தான் என்று அவரிடம் வாசித்த பலர் சொல்லியிருக்கிறார்கள். 2000ல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, 2002ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைப் பதவி முடிந்தது, 2003ல் லூசெர்னில் ஒரு விழா இசைக்குழுவைக் கூட்டினார். பெரிய குழுக்களின் முதல் வரிசைக்காரர்களும் தனிக் கச்சேரி செய்யும் கலைஞர்களும் கோடை விடுமுறையில் அவருக்காக வந்து சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வாசித்த மாலர் சிம்பொனிகளைப் படத்தில் பாருங்கள், வாசித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2010ல் மாலர் ஒன்பதாவது முடிந்தபோது நிசப்தம் நீண்டு நீண்டு போகிறது, அரங்கத்தில் ஒருவர்கூடக் கை தட்டத் துணியவில்லை.

ஜெர்மன் கண்டக்டர் ஃபுர்ட்வாங்லர் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அவர் கை நடுங்கிக்கொண்டே இறங்கும், தட்டு எங்கே விழுகிறது என்று படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை, ஆனாலும் 1951 ஜூலை 29 அன்று பைராய்ட்டில் அவர் நடத்திய பீத்தோவன் ஒன்பதாவது போல வேறொன்று நான் கேட்டதில்லை. தெளிவான கை வேண்டும் என்று மேலே சொன்ன என்னுடைய வாதத்துக்கே இது எதிர்ச்சான்று. எனக்குத் தோன்றும் விளக்கம், கை தெளிவாக இல்லாததால் வாசிப்பவர்கள் வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் கேட்டார்கள் என்பது. இது என் ஊகம்தான். அவர் நாஜி காலத்தில் ஜெர்மனியிலேயே இருந்துவிட்டதும், 1942ல் ஹிட்லரின் பிறந்தநாளையொட்டி அதே ஒன்பதாவது சிம்பொனியை நடத்தி, கோயபல்ஸிடம் கை குலுக்கியதும் படமாகவே இருக்கிறது. 1946ல் விசாரணை நடந்து விடுவிக்கப்பட்டார், யூத வாசிப்பாளர்களுக்கு உதவினார் என்ற சாட்சியமும் அங்கே வந்தது. இசையை மட்டும் தனியாகக் கேள் என்று யாராவது சொன்னால் எனக்கு அது முடிவதில்லை, இரண்டும் தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன்.

இன்னொரு பெயர், எந்தச் சிறந்த கண்டக்டர் பட்டியலிலும் வராத பெயர், கார்ல் எலியாஸ்பெர்க். இரண்டாம் உலகப் போரில், லெனின்கிராட் முற்றுகையில் நகரமே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது வானொலி இசைக்குழுவை அவர் மறுபடி கூட்டினார். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள், வந்தவர்களாலும் ஊதும் வாத்தியத்துக்கு மூச்சுப் பிடிக்க முடியவில்லை, படையிலிருந்து வாத்தியம் தெரிந்தவர்களைத் தேடி வரவழைத்தார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை முழுக்க வாசித்து முடித்தார்கள், ஒலிபெருக்கி வழியாக நகரமெங்கும் கேட்டது. வாசிப்பு எப்படி இருந்தது என்று மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஓடும் படைப்பு அது, சாப்பிட்டுத் தூங்கி வரும் எங்களுக்கே அந்த அளவு நீளமான ஒன்றை வாசித்தால் கடைசியில் தோள்பட்டை கழன்றுபோகிறது.

நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது ஜுபின் மேத்தா. 1936ல் பம்பாயில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸில் 1962 முதல் 1978 வரை, நியூயார்க்கில் 1991 வரை, இஸ்ரேலில் 2019 வரை தலைமை. கை அத்தனை தெளிவு, பெரிய குழுவைத் தடுமாறாமல் நகர்த்துவார், பாடுபவர்களுக்கு இடம் கொடுப்பார். பாவரொட்டியும் ஜோன் சதர்லண்டும் பாடிய புச்சீனியின் 'துராந்தோ' பதிவு, 1972, யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். பீத்தோவன், பிராம்ஸ் என்று வரும்போது எனக்கு அவர் முதல் வரிசை இல்லை. இது முழுக்க என் ருசி.

சரி, மோசமானவர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையிலேயே மோசமான கண்டக்டர்கள் இசைத்தட்டு போடுவதில்லை, அவர்கள் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. எங்கள் குழுவுக்கு ஒருமுறை ஒருவர் வந்தார், பெயர் வேண்டாம். நான்கு பாருக்கு ஒருமுறை நிறுத்துவார், நிறுத்தினால் பத்து நிமிடம் இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாறு. இரண்டாவது ஹார்ன் வாசிக்கும் பெண்ணை எல்லோர் முன்னாலும் ஒரே இடத்தைத் தனியாக ஐந்து தடவை வாசிக்க வைத்தார், ஐந்தாவது தடவை முதல் தடவையை விட மோசமாக இருந்தது, ஏனென்றால் உதடு நடுங்கியது. கச்சேரி அன்று எங்கள் எல்லோர் கண்ணும் அவரை விட்டுவிட்டு முதல் வயலின்காரரின் வில் நுனிக்குப் போய்விட்டது. தப்பு எதுவும் நடக்கவில்லை, ஆனால் அரங்கம் முழுக்கப் பயந்து பயந்து வாசித்த சத்தம். அந்தப் பெண் அடுத்த சீசன் வரவில்லை.

வரலாற்றில் ஒரு கண்டக்டரால் ஒரு படைப்பே செத்துப்போனதற்கு நல்ல உதாரணம் 1897ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ராக்மனினோவின் முதல் சிம்பொனி. நடத்தியவர் கிளாசுனோவ், அவரே நல்ல இசையமைப்பாளர். ரிகர்சல் போதவில்லை, வாசிப்பு படுதோல்வி, விமர்சனங்கள் கிழித்தெறிந்தன, 23 வயது ராக்மனினோவ் அதற்கப்புறம் மூன்று வருடம் பெரிதாக எதுவும் எழுத முடியாமல் முடங்கினார். இதுவரை உறுதி. கிளாசுனோவ் அன்று குடித்திருந்தார் என்பது பின்னால் வந்த பேச்சு, அதை நான் நம்பகமானதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சிம்பொனி மறுபடி ஒலித்தது 1945ல், இசையமைப்பாளர் இறந்து இரண்டு வருடம் கழித்து. இன்று கேட்டால் அதில் அப்படி என்ன குறை கண்டார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

கில்பர்ட் கேப்லான் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி இருந்தார். முறையான பயிற்சி இல்லாமல், மாலரின் இரண்டாவது சிம்பொனி மேல் கொண்ட காதலால் அதை மட்டும் கற்று, 1982 முதல் உலகின் பெரிய குழுக்களோடு நடத்தினார். 2008ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு நடத்திய பிறகு, அங்கே டிராம்போன் வாசிப்பவர் ஒருவர் அவருக்குத் தாளம் காட்டவே தெரியவில்லை என்று பகிரங்கமாகவே எழுதினார். மோசமான கண்டக்டர் என்று பலரும் இவரைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய 1987 லண்டன் பதிவு எழுதியதை எழுதியபடி கவனமாக வாசிக்கும் பதிவு, விற்பனையிலும் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அந்த டிராம்போன்காரர் சொன்னதும் பொய்யாக இருக்க முடியாது. நல்ல குழு என்றால் கண்டக்டர் தடுமாறினாலும் வாசிப்பவர்களே தூக்கி நிறுத்திவிடுவார்கள், வெளியே கேட்பவருக்குத் தெரியாது. இசைத்தட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

செலிபிடாகே விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. மியூனிக்கில் அவர் நடத்திய புருக்னர் சிம்பொனிகள் மலை நகர்வது போல மெதுவாக, அற்புதமாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். அதே மியூனிக்கில் 1980ல் டிராம்போனுக்குத் திரைக்குப் பின்னால் தேர்வு நடந்தது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஜெயித்தவர் ஆபி கோனண்ட் என்ற பெண். செலிபிடாகேவுக்கு முதல் டிராம்போனில் ஓர் ஆண்தான் வேண்டும். அவரை இரண்டாவது இடத்துக்கு இறக்கினார். அந்தப் பெண்ணுக்கு மூச்சு போதுமா என்று மருத்துவப் பரிசோதனை வரைக்கும் போனது, வழக்கு 1993 வரை இழுத்தது, கடைசியில் கோனண்ட்தான் ஜெயித்தார். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டபோது பிடித்த சத்தம், ஆள் யாரென்று தெரிந்ததும் பிடிக்காமல் போயிற்று என்றால் அந்தக் காதை நான் எப்படி நம்புவது? இதுவரை நான் பாராட்டிய பெயர்கள் எல்லாம் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1997ல். அமெரிக்காவின் பெரிய குழு ஒன்றுக்கு ஒரு பெண் தலைமையேற்றது 2007ல், பால்டிமோரில் மரின் ஆல்சப். கதவு மூடியிருந்த காலத்துப் பட்டியல் இது, அதை மனசில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தோஸ்கனினி திட்டுவதற்குப் பேர்போனவர், அவர் ரிகர்சலில் கத்துவது பதிவாகவே கிடைக்கிறது. ஆனால் 1931ல் பொலோன்யாவில் பாசிஸ்டுகளின் கீதத்தை வாசிக்க மறுத்து அடிவாங்கியவரும் அவர்தான், 1933ல் ஹிட்லரின் ஜெர்மனியில் பைராய்ட் இசை விழாவுக்குப் போக மறுத்தவரும் அவர்தான். அவரை மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய காதும் நேர்மையும் இல்லாமல் அந்தக் கத்தலை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர்களால்தான் நிறைய இசைக்குழுக்கள் கஷ்டப்பட்டன. காரயானை மோசம் என்பது அபத்தம். அவர் 1960களில் பெர்லினில் பதிவு செய்த பீத்தோவன் ஒன்பது சிம்பொனிகளும் உயிரோடு இருக்கின்றன. 1980களில் மறுபடி பதிவு செய்ததில் ஓரங்கள் எல்லாம் தேய்ந்து, எண்ணெய் பூசின மாதிரி வழவழப்பாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

எது சந்தேகத்துக்குரியது என்றும் சொல்ல வேண்டும். வேகம், தெளிவு, ரிகர்சல் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார் என்பதெல்லாம் கண்டக்டர் கணக்கில் தைரியமாக எழுதலாம். "சத்தத்தின் நிறம்" என்று ரசிகர்கள் வர்ணிப்பது யாருடையது என்பதில் எனக்கு நிச்சயமில்லை, அரங்கம், மைக் வைத்த இடம், அந்தக் குழுவின் பரம்பரைப் பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. வேகத்தில்கூடக் கவனம் தேவை. மாலர் ஐந்தாவது சிம்பொனியின் அடாஜியெட்டோ என்ற மெதுவான பகுதி, வெறும் கம்பி வாத்தியங்களும் ஹார்ப்பும். மாலரை நேரில் அறிந்த மெங்கெல்பெர்க் 1926ல் ஏழு நிமிடத்தில் முடிக்கிறார், மாலரிடம் வேலை பார்த்த புரூனோ வால்டர் 1938ல் எட்டு நிமிடம். பின்னால் வந்த பெர்ன்ஸ்டைனும் காரயானும் பதினொன்று, பன்னிரண்டு நிமிடத்துக்கு இழுத்தார்கள். காதல் கடிதம் என்று சொல்லப்படும் இந்தப் பகுதி இரங்கற்பாவாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, அதற்காகவே வேகப்படுத்தினார்களா என்ற சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது.

வாசிப்பவர்களின் தீர்ப்பு எங்கே தெரியும் என்றால் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில், அங்கே தலைமைக் கண்டக்டரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2015 மே மாதம் 11 மணி நேரம் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. ஜூனில் கிரில் பெட்ரென்கோ என்று அறிவித்தபோது உலகத்தில் பாதிப் பேர் யாரிவர் என்று தேடினார்கள், அவருக்கு அப்போது ஒலிப்பதிவுகளே சொற்பம். சில ரிகர்சல்களில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேட்டவருக்கு ஒரு வழி சொல்கிறேன். பெர்ன்ஸ்டைன் வியன்னாக்காரர்களோடு ஹைடன் 88ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தாலேயே நடத்தும் ஒரு வீடியோ இருக்கிறது, நாலு நிமிடம்கூட இல்லை, முதலில் அதைப் பாருங்கள். புருவம் தூக்கினால் ஒருவர் வருகிறார், உதட்டைச் சுழித்தால் இன்னொருவர் அடங்குகிறார். அப்புறம் பீத்தோவன் ஐந்தாவதைக் கிளைபரிலும் ஃபுர்ட்வாங்லர் 1947 மே மாதம் பெர்லினில் நடத்தியதிலும் அடுத்தடுத்துப் போட்டு, முதல் ஐந்து பார் மட்டும் கேளுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் செல்லோக்களும் பாஸ்களும் காணாமல் போய்விடும்.